பதவி விட்டால் கணக்குத் தீர்ந்ததா?

பொறுப்பில் இருக்கும் ஒருவர்மீது புகார் எழுகிறது. கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவேண்டும் என்று நான்கு பேர் பேசத் தொடங்குகிறார்கள். மறுநாள் காலையில் அவருடைய ராஜினாமாக் கடிதம் வந்து சேர்கிறது. "அவர்தாம் போய்விட்டாரே, இனி விசாரணை எதற்கு? செத்த பாம்பை அடிப்பானேன்?" என்று சிலர் சமாதானம் கூறுகிறார்கள். "போனது ஆள்தானே, பணம் எங்கே?" என்று வேறு சிலர் கேட்கிறார்கள். சங்கங்களில் பழகிய நம் அங்கத்தினர்களுக்கு இந்த இரண்டு குரல்களும் புதியவை அல்ல.

இதே கேள்வி பெரிய நாடுகளின் சட்டசபைகளிலும் எழுந்திருக்கிறது. நாட்டின் தலைமைப் பதவியிலோ அதற்கு அடுத்த படியிலோ இருந்த ஒருவர், பதவியை விட்டு விலகிய பிறகு, பதவியில் இருந்தபோது செய்த குற்றத்துக்காகச் சபையின்முன் நிறுத்தப்படலாமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1876ஆம் ஆண்டிலும், பின்னர் 2021ஆம் ஆண்டிலும் இது பற்றிக் கடுமையான விவாதம் நடைபெற்றது. பொதுச் சொத்தைப் பலர் கூடி நிர்வகிக்கும் எவருக்கும் அந்த விவாதத்தில் படிப்பினை உண்டு என்று கருதி, அதன் சாரத்தை இங்கே எடுத்துரைக்கிறோம்.

சொல்லில் உள்ள சிக்கல்

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இம்பீச்மெண்ட் என்று வழங்கும் நடவடிக்கையை நம் நாளிதழ்கள் பெரும்பாலும் 'பதவி நீக்கத் தீர்மானம்' என்று எழுதுகின்றன. இந்தப் பெயரைக் கேட்டவுடனேயே நம் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதுபோல் தோன்றும். பதவியே இல்லாதவரை எப்படி நீக்குவது?

ஆனால் அந்தச் சொல்லின் பொருள் நீக்குதல் அன்று. உயர்ந்த பதவியில் உள்ளவர்மீது மக்கள் பிரதிநிதிகளின் சபை முறைப்படி குற்றஞ்சாட்டுவதற்கே அப்பெயர். சட்டத் தமிழில் இதனைப் 'பழிசாட்டுதல்' என்பர். நீக்குதல் என்பது, சாட்டிய பழி மெய்யென்று தீர்மானிக்கப்பட்ட பிறகு வரும் தண்டனை. சாட்டுவது ஒரு செயல். நீக்குவது மற்றொரு செயல். இரண்டையும் ஒரே சொல்லால் வழங்குவதால்தான் பாதிக் குழப்பம் நேர்கிறது. ஆகவே இக்கட்டுரையில் பழிசாட்டுதல் என்ற சொல்லையே ஆள்கிறோம்.

அமெரிக்க அரசியல் சட்டப்படி, பழிசாட்டும் உரிமை பிரதிநிதிகள் சபைக்கு உரியது. அங்கே பெரும்பான்மை வாக்கு இருந்தால் போதும். அதனை விசாரித்துத் தீர்ப்பளிப்பது செனட் சபையின் பொறுப்பு. அங்கே வந்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் குற்றவாளி என்று வாக்களித்தால்தான் குற்றம் உறுதியாகும். உறுதியானால் செனட் விதிக்கக்கூடிய தண்டனைகள் இரண்டே. ஒன்று, பதவியிலிருந்து நீக்குதல். மற்றொன்று, இனி ஒருபோதும் ஐக்கிய நாடுகளின் அரசாங்கத்தில் பதவி வகிக்கக் கூடாது என்று தடை விதித்தல். சிறைவாசமோ அபராதமோ விதிக்கச் செனட்டுக்கு அதிகாரமில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. தண்டனை இரண்டு என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். வழக்கு முழுவதும் அதைச் சுற்றியே நிற்கிறது.

கோட்டைக் கடையும் அமைச்சரும்

யுலிசிஸ் கிராண்ட் ஜனாதிபதியாக இருந்த காலத்தில், 1869ஆம் ஆண்டு முதல் யுத்த அமைச்சராக இருந்தவர் வில்லியம் பெல்நாப். உள்நாட்டுப் போரில் படைத் தலைவராகப் பணியாற்றியவர். எல்லைப்புறத்து இராணுவக் கோட்டைகளில் சிப்பாய்களுக்குச் சாமான் விற்கும் கடைகளுக்கு வியாபாரிகளை நியமிக்கும் அதிகாரம் 1870ஆம் ஆண்டில் யுத்த அமைச்சரின் கைக்கு வந்தது. கோட்டைக்கு ஒரு கடை, அதற்குப் போட்டியில்லை. சிப்பாய் அங்கேதான் வாங்கியாக வேண்டும். ஆகவே அந்த நியமனம் பணம் காய்க்கும் மரமாக இருந்தது.

இன்று ஓக்லஹோமா மாநிலத்தில் இருக்கும் ஃபோர்ட் ஸில் என்ற கோட்டையில் ஜான் இவான்ஸ் என்பவர் கடை வைத்திருந்தார். அந்த நியமனத்தை நியூயார்க்கைச் சேர்ந்த கேலப் மார்ஷ் என்பவருக்குத் தருவதாக ஏற்பாடாயிற்று. மார்ஷ் அமைச்சர் வீட்டாருக்கு வேண்டியவர். எல்லைப்புறத்துக்குப் போய்க் கடை நடத்தும் எண்ணம் அவருக்கு இல்லை. கடையை விட்டுப் போகும் எண்ணம் இவான்ஸுக்கும் இல்லை. இருவரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். கடை இவான்ஸ் கையிலேயே இருக்கும். அதற்காக அவர் ஆண்டுதோறும் 12,000 டாலரை மார்ஷுக்குக் கொடுப்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்த அந்தத் தொகையில் பாதி, மார்ஷ் கையிலிருந்து அமைச்சரின் வீட்டுக்குச் சென்றது. பின்னாளில் கோட்டையில் படை குறைந்தபோது தொகையும் பாதியாகக் குறைக்கப்பட்டது. எல்லாமாகச் சுமார் 20,000 டாலர் அமைச்சர் குடும்பத்தை அடைந்ததாகக் கணக்கிடப்பட்டது.

இந்தப் பணத்தை இவான்ஸ் தம் கைமுதலிலிருந்தா கொடுத்தார்? கடைச் சரக்கின் விலைமேல் ஏற்றினார். அங்கே விலை அநியாயமாக உயர்ந்திருப்பதைப் பற்றி 1872ஆம் ஆண்டிலேயே நியூயார்க் பத்திரிகையொன்று எழுதியது. வேலை ஒன்றும் செய்யாத இருவருக்காக, எங்கோ எல்லைப்புறத்தில் காவல் காத்த சிப்பாய் ஒவ்வொரு பொருளுக்கும் கூடுதல் காசு கொடுத்தான். நூலின் விலையிலும் சேலையின் விலையிலும் இடைத்தரகு எப்படி ஏறி அமர்கிறது என்பதை அறிந்த நெசவாளருக்கும், விளைச்சலைச் சந்தைக்கு ஏற்றிச் சென்று திரும்பிய உழவருக்கும் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஒரே நாளில் இரண்டு செயல்கள்

பிரதிநிதிகள் சபையின் குழு ஒன்று 1876ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் மார்ஷை விசாரித்தது. அவர் நடந்ததைச் சொல்லிவிட்டார். மார்ச்சு 2ஆம் நாள் காலையில் பெல்நாப் ஜனாதிபதியின் மாளிகைக்கு விரைந்து சென்று, கண்ணீருடன் ராஜினாமாவைக் கொடுத்தார். கிராண்ட் அப்போதே அதனை ஏற்றுக்கொண்டார். காலை பதினொரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று பிற்பகல் குழுவின் அறிக்கை பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. அமைச்சர் விலகிவிட்டார் என்று தெரிந்திருந்தும், எதிர்ப்பு ஒன்றுமின்றிச் சபை அவர்மீது பழிசாட்டியது. ஐந்து குற்றச்சாட்டுகள் வகுக்கப்பட்டுச் செனட் சபைக்குச் சென்றன.

அங்கே பெல்நாப்பின் வழக்கறிஞர்கள், பணம் வாங்கினாரா இல்லையா என்ற பேச்சுக்கே முன்னர் ஒரு தடையை எழுப்பினார்கள். அரசியல் சட்டம் ஜனாதிபதி, உபஜனாதிபதி, அரசாங்கத்தின் சிவில் உத்தியோகஸ்தர்கள் ஆகியோரைப் பற்றியே பேசுகிறது. பெல்நாப் இப்போது இவர்களில் எவரும் அல்லர். அவர் ஒரு சாதாரணக் குடிமகன். நீக்குவதற்குப் பதவி இல்லாதபோது விசாரணைக்குப் பொருள் இல்லை. வீட்டில் இருக்கும் மனிதரைப் பழைய செயலுக்காகச் சட்டசபை இழுத்துவர இடங்கொடுத்தால், அதற்கு எல்லை எங்கே? இன்று இவர், நாளை பத்தாண்டுக்கு முன்னர் விலகியவர். குற்றம் செய்தவரைத் தண்டிக்க நீதிமன்றங்கள் இருக்கின்றனவே. இவ்வாறு அவர்கள் வாதித்தார்கள்.

இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பெரும்பான்மை பெற்ற கட்சி, தோற்ற கட்சியின் தலைவர்களை வீடு தேடிச் சென்று துன்புறுத்தும் ஆயுதமாகப் பழிசாட்டுதல் மாறிவிடலாம் என்ற அச்சம் நியாயமானதே.

பிரதிநிதிகள் சபையின் சார்பில் வாதித்தவர்களின் மறுமொழி இதுவாகும்: குற்றம் செய்தபோது அவர் உத்தியோகஸ்தராக இருந்தார், பதவியைக் கொண்டுதான் குற்றத்தைச் செய்தார். தண்டனை நீக்குதல் ஒன்றே அன்று. இனிப் பதவி வகிக்கத் தடை என்ற இரண்டாவது தண்டனையும் இருக்கிறது. விலகியவர் தாமே முதல் தண்டனையைத் தமக்கு விதித்துக்கொண்டார் என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டாவது அவர் கையில் இல்லை. ராஜினாமாவினால் வழக்கு அழியும் என்றால், தீர்ப்புச் சொல்லும் நேரத்தில்கூட ஒரு வரிக் கடிதம் எழுதித் தப்பிவிடலாம். பிறகு புதிய ஆட்சி வந்ததும் அதே நாற்காலியில் வந்து அமரலாம். அப்படியானால் விசாரணையின் சாவி, விசாரிக்கப்படுபவரின் மடியிலேயே இருப்பதாகும்.

செனட் சபை பல நாள் இதனை ஆலோசித்தது. மே மாதம் 29ஆம் நாள், 37க்கு 29 என்ற வாக்கில், பெல்நாப் விலகியிருந்தபோதிலும் அவரை விசாரிக்கலாம் என்று தீர்மானித்தது. சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். ஆகஸ்டு 1ஆம் நாள் தீர்ப்பு வாக்கு நடந்தது. ஐந்து குற்றச்சாட்டுகளுக்கும் தனித்தனியே வாக்கு எடுக்கப்பட்டது. குற்றவாளி என்றவர்கள் 35 முதல் 37 வரை. குற்றவாளி அல்ல என்றவர்கள் ஒவ்வொரு முறையும் 25. மூன்றில் இரண்டு பங்குக்கு ஐந்து வாக்குகள் குறைந்தன. பெல்நாப் விடுதலையானார். நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கும் 1877ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது.

அந்த 25 பேரில் மிகப் பெரும்பாலோர், அவர் பணம் வாங்கவில்லை என்று கூறவில்லை. விலகியவரை விசாரிக்கச் செனட்டுக்கு அதிகாரம் இல்லை என்பதே அவர்கள் கொடுத்த காரணம். மே மாதத்தில் வாக்கெடுப்பில் தோற்ற வாதம், ஆகஸ்டு மாதத்தில் கொல்லைப்புற வழியாக வந்து வழக்கை வென்றது. முதல் கேள்விக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். இரண்டாவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இந்த இடைவெளியில் உண்மை விழுந்து மறைந்தது. அதிகாரம் இல்லை என்று மனமார நம்பும் ஒருவர், சத்தியப் பிரமாணம் செய்துகொண்டு குற்றவாளி என எப்படிச் சொல்வார் என்று கேட்கலாம். அதுவும் ஒரு நியாயமே. ஆயினும் ஒரு சபை கூடித் தீர்மானித்த பின்னர், மாறுபட்ட கருத்துடையவரும் அதற்குக் கட்டுப்பட்டு அடுத்த வேலையைச் செய்வதே கூட்டுமுறையின் அடிப்படை என்று நாம் கருதுகிறோம். இல்லையேல் சபை தீர்மானித்ததற்கு என்ன பொருள்?

பழைய வழக்கம் எது?

அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் பழிசாட்டும் முறையை இங்கிலாந்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் 1787ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் கூடி ஆலோசித்த அதே காலத்தில், இங்கிலாந்தில் ஒரு பெரிய பழிசாட்டு வழக்குத் தொடங்கியிருந்தது. அது நம் நாட்டைப் பற்றியது. குற்றஞ்சாட்டப்பட்டவர் வாரன் ஹேஸ்டிங்ஸ். கல்கத்தாவில் கவர்னர்-ஜெனரலாக அமர்வதற்கு முன்னர், 1769ஆம் ஆண்டு முதல் 1772 வரை சென்னையில் கம்பெனியின் ஆலோசனைச் சபையில் இரண்டாம் இடம் வகித்தவர். ஏற்றுமதிக்கான துணிக் கொள்முதலைக் கவனித்தவர். ஆதலால் நம் நெசவாளர்களின் முன்னோர் அறிந்திருந்த பெயர் அது.

ஹேஸ்டிங்ஸ் 1785ஆம் ஆண்டிலேயே பதவியை விட்டு இங்கிலாந்து திரும்பிவிட்டார். எட்மண்ட் பர்க் என்ற பேச்சாளரின் முயற்சியால் 1787ஆம் ஆண்டில் காமன்ஸ் சபை அவர்மீது பழிசாட்டியது. அயோத்தி பேகங்களின் செல்வத்தைப் பறித்தது, காசி அரசர் சேத் சிங்கை நெருக்கியது முதலியன குற்றச்சாட்டுகளில் அடங்கியிருந்தன. அவர் பதவியில் இல்லை என்பது ஒரு தடையாகக் கொள்ளப்படவில்லை. பிலடெல்பியாவில் கூடியவர்கள் இந்த வழக்கை அறிந்திருந்தார்கள். வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் தம் பேச்சில் ஹேஸ்டிங்ஸின் பெயரை எடுத்துக் கூறினார்.

வர்ஜீனியா மாநிலம் 1776ஆம் ஆண்டில் வகுத்துக்கொண்ட அரசியல் சட்டம், கவர்னர் பதவியை விட்ட பின்னரே அவர்மீது பழிசாட்டலாம் என்றது. டெலவேர் மாநிலமும் அதே ஆண்டில் அவ்வாறே விதித்து, விலகிய 18 மாதத்துக்குள் செய்யவேண்டும் என்று காலவரையும் வைத்தது. எனவே விலகியவரை விசாரிப்பது அந்தத் தலைமுறைக்கு விசித்திரமான எண்ணமாக இருக்கவில்லை. ஜனாதிபதியாக இருந்து, பின்னர் பிரதிநிதிகள் சபையில் சாதாரண அங்கத்தினராகப் பணியாற்றிய ஜான் குவின்ஸி ஆடம்ஸ், 1846ஆம் ஆண்டில் அச்சபையிலேயே பேசும்போது, தம் உடலில் மூச்சு உள்ளவரை, தாம் பதவியில் இருந்தபோது செய்தவற்றுக்காகத் தம்மீது பழிசாட்டச் சபைக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டார்.

ஆனால் ஹேஸ்டிங்ஸ் வழக்கு எதிர்த்தரப்பின் அச்சத்துக்கும் சான்றாக இருக்கிறது. 1788ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய விசாரணை 1795ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் முடிந்தது. ஏழு ஆண்டுகள்! முடிவில் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவர் விடுவிக்கப்பட்டார். வழக்குச் செலவு மட்டும் அவருக்கு எழுபதாயிரம் பவுனுக்கு மேல் ஆயிற்று. சாட்சிகள் மறந்தார்கள், நீதிபதிகளாக அமர்ந்த பிரபுக்களில் பலர் இறந்தார்கள், மக்களும் சலித்தார்கள். குற்றமற்றவராயின் அவருக்கு அது கொடுமை. குற்றமுடையவராயின் இந்நாட்டில் அவரால் துன்புற்றவர்களுக்கு அது கொடுமை. காலம் கடந்த விசாரணை இரு பக்கத்துக்கும் நீதி செய்வதில்லை.

மீண்டும் அதே கேள்வி

அமெரிக்க ஜனாதிபதி ரிச்சர்டு நிக்ஸன் 1974ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் விலகினார். அதற்கு முன் ஜூலை இறுதியில், பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழு மூன்று குற்றச்சாட்டுகளை ஏற்றிருந்தது. அவர் விலகியதும் சபை பழிசாட்டும் நடவடிக்கையை மேற்கொண்டு நடத்தவில்லை. ஆயினும் குழுவின் அறிக்கையை 412க்கு 3 என்ற வாக்கில் ஏற்றுப் பதிவு செய்துகொண்டது. இரண்டு முறை தேர்தலில் வென்றுவிட்ட அவர் மீண்டும் ஜனாதிபதியாகச் சட்டமே இடங்கொடுக்கவில்லை. ஆதலால் இரண்டாவது தண்டனைக்கு அவ்வளவு அவசியம் இருக்கவில்லை எனலாம். விசாரிக்கலாம் என்பது வேறு; ஒவ்வொரு முறையும் விசாரித்தே தீரவேண்டும் என்பது வேறு.

2021ஆம் ஆண்டில் நிலைமை மாறியிருந்தது. ஜனவரி 6ஆம் நாள், தேர்தல் முடிவை உறுதி செய்யக் கூடியிருந்த காங்கிரஸ் மாளிகைக்குள் கூட்டம் புகுந்தது. அதனைத் தூண்டினார் என்று ஜனாதிபதி டொனால்டு டிரம்ப் மீது, ஜனவரி 13ஆம் நாள் பிரதிநிதிகள் சபை 232க்கு 197 என்ற வாக்கில் பழிசாட்டியது. அவருடைய பதவிக்காலம் முடிய அப்போது ஒரு வாரமே இருந்தது. செனட் சபை 19ஆம் நாள் வரை கூடுவதாக இல்லை. 20ஆம் நாள் பதவிக்காலம் முடிந்தது. குற்றச்சாட்டு 25ஆம் நாள் செனட்டை அடைந்தது.

1876இல் கேட்கப்பட்ட கேள்வி அப்படியே திரும்பி வந்தது. பிப்ரவரி 9ஆம் நாள் செனட் சபை, விசாரிக்க அதிகாரம் உண்டு என்று 56க்கு 44 என்ற வாக்கில் தீர்மானித்தது. 13ஆம் நாள் தீர்ப்பு வாக்கில் குற்றவாளி என்றவர்கள் 57 பேர். அல்ல என்றவர்கள் 43 பேர். வேண்டியிருந்த வாக்குகளோ 67. ஆகவே விடுதலையானார். அல்ல என்று வாக்களித்தவர்களில் அவருடைய கட்சியின் செனட் தலைவர் மிட்ச் மெக்கானலும் ஒருவர். நடந்ததற்கு டிரம்பே நடைமுறையிலும் தார்மிகத்திலும் பொறுப்பு என்று வாக்களித்த பின்னர் அவரே கூறினார். ஆனால் பதவியை விட்டவரைத் தண்டிக்கச் செனட்டுக்கு அதிகாரம் இல்லை என்பதைத் தம் காரணமாகக் காட்டினார். தடை விதிக்கப்படாததால் டிரம்ப் மீண்டும் போட்டியிட முடிந்தது. 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று, 2025ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் மறுபடியும் ஜனாதிபதிப் பதவியை ஏற்றார்.

அவர் குற்றவாளியா, அல்லரா என்று தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை. அதில் அந்நாட்டு மக்களே இரு பிரிவாக நிற்கிறார்கள். மக்களே தேர்தலில் தீர்ப்பளிக்கட்டும், சபை ஏன் அவர்களைத் தடுக்கவேண்டும் என்று ஒரு சாரார் கேட்பதிலும் பொருள் இல்லாமலில்லை. நாம் கவனிக்கவேண்டியது இதுதான்: இரண்டு முறையும் செனட் சபை, விலகியவரை விசாரிக்கலாம் என்று பெரும்பான்மையால் தீர்மானித்தது, இரண்டு முறையும் அந்தத் தீர்மானத்தை ஏற்காதவர்களின் வாக்கு, குற்றம் உண்டா இல்லையா என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காமல் செய்துவிட்டது.

நம் நாட்டில்

நம் அரசியல் சட்டம் வேறு வழியில் அமைந்தது. குடியரசுத் தலைவர்மீது பழிசாட்ட 61ஆம் பிரிவும், நீதிபதிகளை நீக்க 124ஆம் பிரிவும் இடந்தருகின்றன. இரண்டிலும் முடிவு பதவியிலிருந்து நீக்குவது ஒன்றே. இனிப் பதவி வகிக்கலாகாது என்ற இரண்டாவது தண்டனையை அங்கே சொல்லவில்லை. ஆகவே விலகினால் நடவடிக்கைக்கு வேலையில்லாமல் போகிறது.

கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சௌமித்ர சென், தாம் வழக்கறிஞராக இருந்தபோது நீதிமன்றம் நியமித்த ரிசீவர் என்ற முறையில் கைக்கு வந்த பணத்தை முறைகேடாகக் கையாண்டார் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். 2011ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் மாநிலங்களவையில் 189 பேர் அவரை நீக்கும் தீர்மானத்தை ஆதரித்தார்கள். ஒரு நீதிபதியை நீக்கக் கோரி அவ்வவை நிறைவேற்றிய முதல் தீர்மானம் அது. மக்களவை அதனை எடுத்துக்கொள்வதற்கு முன், செப்டம்பர் 1ஆம் நாள் அவர் விலகினார். மக்களவை நடவடிக்கையைக் கைவிட்டது. பாதி நெய்த துணியைத் தறியிலிருந்து அறுத்ததுபோல் விஷயம் நின்றுவிட்டது.

இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும்போது நம் கேள்விக்கு விடை தெளிவாகிறது. பதவியை விட்டவரை விசாரிக்கலாமா என்பது, விசாரணையின் முடிவில் செய்யக்கூடியது ஏதேனும் மிச்சம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. நீக்குவது மட்டுமே முடிவானால், விலகலோடு எல்லாம் முடியும். மீண்டும் வராமல் தடுக்கவேண்டும், நடந்ததைப் பதிவு செய்யவேண்டும், இழந்ததை மீட்கவேண்டும் என்ற நோக்கங்களும் இருந்தால், விலகல் அவற்றில் எதையும் நிறைவேற்றுவதில்லை. அமெரிக்க அரசியல் சட்டத்தில் இரண்டாவது தண்டனை இருப்பதால், அங்கே விசாரிக்கலாம் என்ற பக்கமே வலுவுடையது என்பது நம் கருத்து.

ஆனால் அதற்குச் சில வரம்புகள் வேண்டும். பதவியில் இருந்தபோது, பதவியைக் கொண்டு செய்த செயலே விசாரணைக்கு உரியதாக இருக்கவேண்டும். டெலவேர் மாநிலத்தார் வைத்ததுபோல் ஒரு காலவரை வேண்டும். தண்டனை பதவியைப் பற்றியதாக மட்டுமே இருக்கவேண்டும். மற்றதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். சாதாரணப் பெரும்பான்மையால் ஒருவரைத் தண்டிக்க இயலக்கூடாது. இவ்வரம்புகள் இருந்தால், வென்றவர் தோற்றவரை வேட்டையாடுகிறார் என்ற குறைக்குப் பெரிதும் இடமிராது.

நமக்குப் படிப்பினை

நம் கூட்டுறவுச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது என்பதைச் சொல்ல மகிழ்ச்சியடைகிறோம். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87ஆம் பிரிவு தண்டத் தீர்வை பற்றிக் கூறுகிறது. தணிக்கையிலோ விசாரணையிலோ சங்கத்தின் பணம் கையாடப்பட்டது என்றோ, நம்பிக்கைக் கேட்டினால் சங்கத்துக்கு நட்டம் நேர்ந்தது என்றோ தெரியவந்தால், அதற்குப் பொறுப்பானவரிடமிருந்து தொகையை வசூலிக்க உத்தரவிடலாம். இப்பொழுது பொறுப்பில் இருப்பவருக்கு மட்டும் அன்று, முன்பு பொறுப்பில் இருந்தவருக்கும் இது பொருந்தும். அதே சமயம் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தம் பக்கத்தை எடுத்துரைக்கத் தக்க வாய்ப்பு அளிக்கவேண்டும். செயல் நடந்து ஏழு ஆண்டு கடந்துவிட்டால் இந்த நடவடிக்கையைத் தொடங்கக் கூடாது. விலகினவரும் பதில் சொல்லவேண்டும். ஆனால் ஆயுள் முழுவதும் அவரை அலைக்கழிக்கக் கூடாது. செனட் சபை இரண்டு முறை கூடித் தடுமாறிய இடத்தில், நம் சிறிய சங்கங்களுக்குரிய சட்டம் இரண்டு பக்க நியாயத்தையும் ஒரு பிரிவிலேயே அடக்கியிருக்கிறது.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது. அங்கத்தினர்கள் விழிப்பாக இருக்கவேண்டும். நிர்வாகி ஒருவர் திடீரென விலகும்போது, கடிதத்தை ஏற்பதோடு நில்லாமல், புத்தகங்களும் ரொக்கமும் சரக்கிருப்பும் முறைப்படி ஒப்படைக்கப்பட்டனவா என்று பார்த்து நடவடிக்கைக் குறிப்பில் எழுதவேண்டும். ஐயம் இருந்தால் அப்போதே எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். மூன்றாம் ஆண்டு பொதுக்குழுவில் எழுந்து, அன்றே எனக்குத் தெரியும் என்று பேசுவதால் பயனில்லை. ஐயம் இல்லையெனில், நேர்மையாகப் பணியாற்றி ஓய்வு பெறுபவரைப் பழைய பகையால் புண்படுத்தவும் கூடாது. கணக்கு நேராக எழுதி ஒப்படைத்தவருக்கு விசாரணை ஒரு பாதுகாப்பேயன்றி அவமானம் அன்று. அவர் பெயர் சந்தேகத்தில் தொங்காமல் காப்பதும் அதுவே.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கவேண்டும் என்பது நம்மூர் வழக்கு. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டதால் தாகம் தீர்ந்துவிடுவதில்லை. பெல்நாப் அன்று காலையில் கொடுத்தது தம் பதவியை மட்டுமே. எல்லைப்புறத்துச் சிப்பாய்கள் கூடுதலாகக் கொடுத்த காசுக்கு அவர் கடைசிவரை கணக்குக் கொடுக்கவில்லை. அதனை வாங்கச் செனட் சபையாலும் முடியவில்லை. நம் சங்கங்களில் அப்படி ஒரு காலைப் பொழுது வருமானால், கடிதத்தைப் பெற்றுக்கொள்வோம். கணக்கையும் கேட்டு வாங்குவோம்.